பெயரைச் சொல்லி வைத்த மலர்வளையம்

கொடிநாள் வசூல் நம் எல்லோருக்கும் பழகிப்போன வேலை. டிசம்பர் 7 நெருங்கும்போது கொடிக்கட்டு பள்ளிக்கு வந்து சேரும். வகுப்புக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்வோம். சட்டையில் குத்திக்கொள்ளும் அந்தச் சின்னக் காகிதக் கொடியைக் கொடுத்து, காசை வாங்கி, கணக்கெழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டால் கடமை முடிந்தது. 1949 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் இந்த வசூல், முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் அந்த ஒரு வரியைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “செத்துப்போன மிலிட்டரிக்காரங்களை எல்லாம் எங்க டீச்சர் புதைச்சிருக்காங்க?”

சட்டென்று விடை வரவில்லை. இன்று எல்லையில் உயிர்விடும் வீரரின் உடல் தேசியக் கொடி போர்த்தி ஊருக்கு வருகிறது. ஊர் கூடி எரியூட்டுகிறது அல்லது அடக்கம் செய்கிறது. தொலைக்காட்சியில் அதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் இரண்டு உலகப்போர்களிலும் இறந்த இந்தியர்கள்? முதல் போரில் சுமார் 74,000 பேர், இரண்டாம் போரில் சுமார் 87,000 பேர். இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பதினெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவள், “பார்த்துச் சொல்றேன்மா” என்று சொல்லி உட்கார வைத்தேன். அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான் இந்தக் கட்டுரை. சமூக அறிவியல் நடத்தும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையில், ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மெட்ராஸ் வார் சிமெட்ரி என்பது அதன் பெயர். அந்தச் சாலையில் பேருந்தில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. பிள்ளைகளை அழைத்துப்போகும் முன் நாம் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு விடுமுறை நாளில் தனியாகப் போனேன். வாயிலைக் கடந்ததும் சாலையின் இரைச்சல் பின்னால் நின்றுவிடுகிறது. வெட்டிச் சீராக்கிய புல்வெளி, வரிசை பிசகாத கற்கள், ஒவ்வொரு வரிசையிலும் பூச்செடிகள். இரண்டாம் உலகப்போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

சென்னையில் பெரிய போர் எதுவும் நடக்கவில்லையே, இத்தனை பேர் எப்படி என்று எனக்கும் தோன்றியது. போர்முனையில் குண்டடிபட்டு இறந்தவர்கள் மட்டுமே போரில் இறந்தவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். படைவீரர்கள் மருத்துவமனைகளிலும், பயிற்சியிலும், விபத்திலும், நோயிலும் இறந்தார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களின் பொதுக் கல்லறைகளிலும் கண்டோன்மெண்டுகளிலும் சிதறிக் கிடந்த இவர்களின் கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க முடியாது என்ற நிலையில், 1952இல் இந்த இடத்தை அமைத்து, உடல்களை இங்கே மாற்றினார்கள். தோட்டத்தின் பின்புறத்தில் முதல் உலகப்போருக்கான நினைவுச் சின்னம் ஒன்றும் இருக்கிறது. அதில் 1,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் உடல்கள் அங்கே இல்லை. இந்தியாவின் ஏதேதோ ஊர்களில் இருக்கின்றன. பெயர்கள் மட்டும் நந்தம்பாக்கத்தில்.

இதைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். 1917 மே மாதத்தில் அரச சாசனத்தின் மூலம் தொடங்கிய அமைப்பு. அப்போது அதன் பெயரில் ‘இம்பீரியல்’ என்ற சொல் இருந்தது, 1960இல் அது ‘காமன்வெல்த்’ ஆயிற்று. இதை உருவாக்கியவர் ஃபேபியன் வேர். போருக்கு முன் அவர் கல்வி அதிகாரியாகவும் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர் என்பது நமக்குக் கொஞ்சம் நெருக்கமான செய்தி. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவு ஒன்றை நடத்தப் பிரான்சுக்குப் போனவர், இறந்தவர்களை எங்கே புதைத்தோம் என்று யாரும் குறித்து வைக்காததைப் பார்த்துத் தாமே குறிக்கத் தொடங்கினார். இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறத்தாழ 23,000 இடங்களில், 17 லட்சம் பேரின் நினைவை அந்த ஆணையம் காத்துவருகிறது.

ஒரு கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தினால் என்னென்ன படிக்க முடியும் என்பதை ஆசிரியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். படைப்பிரிவின் சின்னம், படை எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது, சமயக் குறியீடு. கீழே சில கற்களில் குடும்பத்தார் கேட்டு எழுதிய ஒரு வரி. முதல் உலகப்போர்க் கற்களில் அந்த வரி இடைவெளிகளையும் சேர்த்து 66 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மகனை இழந்த தாய் 66 எழுத்துகளுக்குள் என்ன எழுதுவாள்? இதையே தமிழ் வகுப்பில் ஒரு பயிற்சியாக வைத்துப் பாருங்கள். எங்கள் தமிழாசிரியர் வைத்தார். வகுப்பில் அன்று வழக்கமான சலசலப்பு இல்லை.

கற்கள் எல்லாம் ஒரே அளவு. அதிகாரிக்கு உயரமான கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்று கிடையாது. இது தானாக வந்ததல்ல. இறந்தவர் உடல்களைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பணம் உள்ளவர் தனியாக மண்டபம் கட்டிக்கொள்ளக் கூடாது, எல்லோருக்கும் ஒரே வடிவக் கல் என்று 1918இல் முடிவானபோது, பிரிட்டனில் பல குடும்பங்கள் கொதித்தன. என் மகனின் கல்லறையை நான் தீர்மானிக்கக் கூடாதா என்பது அவர்களின் கேள்வி. ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 1920இல் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து, ஒரே வடிவம் என்பதே நின்றது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பட்டிமன்றத் தலைப்பாக வைத்தால் பிள்ளைகள் நன்றாகவே பேசுவார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அழகான கதையாக முடிந்திருக்கும். எல்லோரும் சமம், எல்லோருக்கும் பெயர். ஆனால் எங்கள் ஆசிரியர் அறையில் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “வெள்ளைக்காரன் கல்லறைக்கு நம்ம பிள்ளைங்க எதுக்கு டீச்சர் மாலை போடணும்?” நந்தம்பாக்கத்தில் இந்தியர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னேன். “அவங்களும் வெள்ளைக்காரனுக்காகத்தானே செத்தாங்க?” என்றார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. நானும் அன்று விடை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடத் தொடங்கினேன். தேடியபோது அவருடைய கேள்வியைவிடக் கூர்மையான ஒன்று கண்ணில் பட்டது.

ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப்போரில் அன்றைய மெசபடோமியாவில் இறந்து, கல்லறை எங்கே என்று தெரியாத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக 1929இல் திறந்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தச் சுவர்களில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் இருந்தன. இந்தியப் படைப்பிரிவுகளின் அதிகாரிகளின் பெயர்களும் இருந்தன. ஆனால் இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயரும் அதன் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டுமே. பெயரே தெரியாததால் அல்ல. பெயர்கள் பதிவேட்டில் இருந்தன, கல்லில் ஏறவில்லை. இது அங்கே மட்டும் நடந்ததும் அல்ல. 2021இல் ஆணையமே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. இந்தியர், கிழக்கு ஆப்பிரிக்கர், மேற்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர், சோமாலியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை, சிலருக்கு எந்த நினைவுச் சின்னமுமே இல்லாமல் போயிருக்கலாம் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. பிரிட்டிஷ் அரசும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்று ஊருக்குச் சொன்ன அதே ஆண்டுகளில்தான் இதுவும் நடந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். சொன்னேன்.

நம் ஊர்களிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குச் சென்றார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறிய கல்வெட்டுப் பலகைகள் தமிழ்நாட்டின் சில ஊர்களில் இன்றும் சுவரில் பதிந்திருக்கின்றன. சென்றவர் எண்ணிக்கை இருக்கும், இறந்தவர் எண்ணிக்கை இருக்கும், ஒரு பெயர்கூட இருக்காது. உங்கள் பள்ளி இருக்கும் வட்டாரத்தில் அப்படி ஒன்று இருந்தால், பாடம் நடத்த அதைவிட நல்ல இடம் கிடையாது.

இத்தனைக்கும் இறந்த வீரனின் பெயரைக் கல்லில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. நடுகல்லை எப்படித் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் படிப்படியாகப் பேசுகிறது. நடுகல்லுக்கு மயிற்பீலியும் மாலையும் சூட்டியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்துவந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது செங்கம் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு நின்று இரண்டு கள்வரைக் கடித்த நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். அதையும் எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த இடம், இருபதாம் நூற்றாண்டில் பாஸ்ராவில் நம் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. இதைச் சொன்னபோது ஒரு மாணவன் “அந்த நாய் பேரு இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்” என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான்.

சக ஆசிரியரிடம் அடுத்த வாரம் சொன்னேன்: யாருக்காகப் போரிட்டார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி, அதை வகுப்பில் தாராளமாகக் கேட்போம், பெயரில்லாமல் விட்டது வேறு கேள்வி, இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். அவர் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் பயண நாளில் துணைக்கு வருவதாகச் சொன்னார், வந்தார்.

இனி மலர்வளையத்துக்கு வருகிறேன். பழைய கிரேக்கத்திலும் ரோமிலும் வென்றவர் தலையில் இலைவளையம் சூட்டினார்கள், இறந்தவருக்கும் வைத்தார்கள். வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பதால் முடிவில்லாத நினைவு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். குளிர்நாடுகளில் பனிக்காலத்திலும் பசுமை மாறாத ஊசியிலைக் கிளைகளால் அதைக் கட்டுகிறார்கள். நம் ஊரில் மாலை மணவறைக்கும் உண்டு, பிணத்துக்கும் உண்டு; மலர்வளையம் என்றால் சாவு மட்டும்தான் நினைவுக்கு வரும். அதனால் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு கூச்சம் இருக்கும், அதை முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுவது நல்லது. எங்கள் பிள்ளை ஒருத்தி வீட்டில் சொல்ல, “சாவு வீட்டுப் பூவைத் தொடக் கூடாது” என்று பாட்டி தடுத்த கதையும் நடந்தது.

மேலைநாடுகளில் நினைவு நாள் என்றால் செம்பாப்பி மலர். முதல் உலகப்போரில் பிளாண்டர்ஸ் பகுதியின் கிளறிப்போட்ட மண்ணில் அது நிறையப் பூத்ததால் வந்த வழக்கம். இந்திய வீரர்களுக்கு நினைவு மலராகச் செண்டுமல்லியைக் கொள்ளலாம் என்று அண்மைக் காலத்தில் ஒரு முயற்சி நடந்துவருகிறது. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. நல்ல வேளையாகச் செண்டுமல்லி எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. வைக்கோலைப் பிரியாகத் திரித்து வட்டமாகக் கட்டி, அதன் மேல் மாவிலையும் செண்டுமல்லியும் வைத்து வாழைநாரால் சுற்றினோம். பிளாஸ்டிக், தெர்மாகோல், ஜிகினா எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளைகளில் இருவரின் அம்மாக்கள் பூக்கட்டுபவர்கள். அன்று ஆசிரியர்கள் அவர்கள்தான். நான் நார் கிழித்துக் கொடுத்தேன், அதுவும் சரியாக வரவில்லை.

வைக்கும் முறை எளியது. முறையான அரசு, படை நிகழ்ச்சிகளில் வளையத்தை ஏந்தியவர் முன்னே வர, வைப்பவர் அதை வாங்கி அல்லது தொட்டு நினைவுக்கல்லின் அடியில் வைத்து, ஓரடி பின்வாங்கி, தலைதாழ்த்தி நிற்பார். சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிப்பார்கள். நாம் தலைகுனிந்தால் போதும். பிறகு எக்காளத்தில் ‘லாஸ்ட் போஸ்ட்’ ஒலிக்கும். பிரிட்டிஷ் படை முகாம்களில் காவல் இடங்களை எல்லாம் சுற்றிப் பார்த்தாயிற்று, நாள் முடிந்தது என்று அறிவிக்க ஊதிய ஓசை அது. வாழ்நாள் முடிந்தவருக்கும் அதுவே ஆயிற்று. அடுத்து இரண்டு நிமிட மௌனம். இது 1919 நவம்பர் 11 முதல் வந்த வழக்கம். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கடைப்பிடித்ததைப் பார்த்து எழுந்த யோசனை. நம் பள்ளிகளில் ஜனவரி 30 தியாகிகள் நாளன்று காலை 11 மணிக்கு நிற்கிறோமே, அதுவும் இந்த வழக்கத்தின் வழியில் வந்ததே. இரண்டு நிமிடம் என்பது பதினான்கு வயதுக்கு மிக நீண்ட நேரம். சிரிப்பு வரும். திட்டாதீர்கள். முந்தைய வாரத்தில் தினமும் வழிபாட்டுக் கூட்டத்தில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று பழக்கினால் அடங்கிவிடும்.

ஆனால் இவை எல்லாம் செய்தும் ஒன்று குறைகிறதே என்று தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய வளையம், ஒரு கல், நாற்பது பிள்ளைகள். நாங்கள் மொத்தமாகச் செலுத்தும் அந்த மரியாதையும் பாஸ்ரா சுவரின் எண்ணிக்கையும் ஒரே மாதிரி இருந்தன. அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் நடக்கும் ஒரு வழக்கத்தைப் படித்தபோதுதான் எனக்கு வழி கிடைத்தது.

மெய்ன் மாநிலத்தில் மலர்வளையம் கட்டி விற்கும் தொழில் செய்தவர் மோரில் வூஸ்டர். பன்னிரண்டு வயதில் பத்திரிகை போடும் பையனாக இருந்தபோது பரிசாக வாஷிங்டன் பயணம் கிடைத்து, ஆர்லிங்டன் கல்லறையைப் பார்த்திருக்கிறார். அது மனத்தில் தங்கிவிட்டது. 1992இல் அவருடைய தொழிற்கூடத்தில் கிறிஸ்துமஸ் நேரத்தில் வளையங்கள் மிஞ்சின. அவற்றைச் சரக்குந்தில் ஏற்றி, யாரும் அதிகம் வராத பழைய பகுதியில் உள்ள கல்லறைகளுக்கு வைக்க அனுப்பினார். 5,000 வளையங்கள். ஆண்டுதோறும் இது நடந்தது. பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பனி மூடிய கற்களின் அடியில் வளையங்கள் இருக்கும் ஒரு படம் 2005இல் இணையத்தில் பரவிய பிறகு அது பெரிய இயக்கமாயிற்று. இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் தன்னார்வலர்கள் பல்லாயிரம் கல்லறைகளில் வைக்கிறார்கள். வைப்பவர், கல்லில் உள்ள பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே அங்கே அவர்கள் கற்றுத்தரும் முதல் பழக்கம். சிறுவயதில் போன ஒரு சுற்றுலா முப்பது ஆண்டுகள் கழித்து என்னவாக முளைக்கிறது பாருங்கள். சுற்றுலாப் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

நாங்களும் அப்படியே செய்வது என்று முடிவு செய்தோம். நினைவுக்கல்லுக்கு ஒரு வளையம். அதோடு ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு செண்டுமல்லி. ஆளுக்கு ஒரு கல். படித்து, பெயரையும் வயதையும் சொல்லி, பூவை வைக்க வேண்டும்.

அடுத்த பிரச்சினை பெயர்களைப் பற்றியது. எரியூட்டும் வழக்கமுள்ளவர்களுக்குக் கல்லறை ஏது? ஆகவே இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் பெரும்பாலும் சுவர்களிலும் தூண்களிலும் இருக்கின்றன. தில்லி இந்தியா கேட் சுவரில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பிரான்சில் நெவ் ஷபெல் நினைவுச் சின்னத்தில் 4,700க்கும் மேல். சிங்கப்பூர் கிராஞ்சியில் எரியூட்டப்பட்டவர்களுக்கென்றே தனி நினைவுச் சின்னம் உண்டு. மியான்மரில் யாங்கோனுக்கு அருகே தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். பர்மாப் போரில் இறந்து கல்லறை தெரியாதவர்கள். பர்மா என்று சொன்ன அன்று மாலை, எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். அவன் தாத்தாவின் அப்பா பர்மா சண்டைக்குப் போனவராம். திரும்பவில்லை. போகும்போது தாத்தா கைக்குழந்தை. அப்பா முகம் தெரியாது, படமும் இல்லை. இறந்த நாள் தெரியாததால் ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குப் படையல் வைக்கிறார்.

ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், கட்டணம் இல்லை. பல இந்திய வீரர்களுக்குத் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், மாவட்டம் வரை பதிவு இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் பெரும்பாடு. ஒரே பெயரை அந்தக் காலத்து எழுத்தர் நான்கு விதமாக எழுதியிருப்பார். ஊர்ப் பெயரைக் கேட்கவே வேண்டாம். கணினி அறையில் நான்கு நாள் உட்கார்ந்தோம். அதே பெயரில் மூவர் கிடைத்தார்கள். ஒருவரின் ஊர்ப் பெயர், சற்றுச் சிதைந்து, இவன் ஊர் போலவே இருந்தது. மாவட்டம் சரி. ரங்கூன் நினைவுச் சின்னம், இறந்த தேதி எல்லாம் இருந்தது. தந்தை பெயர் மட்டும் பொருந்தவில்லை. பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். நானும் உள்ளூர அதுதான் என்று முடிவுசெய்துவிட்டேன். தவறு, அப்படிச் செய்திருக்கக் கூடாது.

தாத்தா மறுநாள் பள்ளிக்கே வந்தார். எண்பதைத் தாண்டியவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்து நான் படித்துக் காட்டியதை முழுதும் கேட்டார். தேதியை இரண்டு முறை கேட்டார். பிறகு சொன்னார்: “ஊரு சரிதாம்மா. பேரும் சரி. ஆனா எங்க பாட்டனார் பேரு அதில்ல. வேற ஒருத்தன் அப்பனுக்கு நான் திதி குடுத்துடக் கூடாது பாருங்க. அவன் புள்ள எங்கயாவது காத்துக்கிட்டிருப்பான்.” எழுந்து போகும்போது, “அமாவாசையே இருக்கட்டும்” என்றார்.

தரவுகளைச் சரிபார்ப்பது பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை போனோம். தூதரக அதிகாரிகளும் படை அதிகாரிகளும் வளையம் வைக்கும் ஆண்டு நிகழ்ச்சியும் அந்த மாதத்தில்தான் நடக்கும் என்பதால், நாள் மோதாமல் முன்பே கேட்டுக்கொண்டோம். நிர்வாகச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், தோட்டப் பொறுப்பாளரிடம் முன் தகவல், பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர், குடிநீர், குடை. உள்ளே சாப்பிடக் கூடாது, கற்களில் உட்காரவோ சாயவோ கூடாது, ஓடக் கூடாது. கைப்பேசிப் படம் கடைசியில் மட்டும்.

காலையில் தூறல். புல் ஈரமாக இருந்ததால் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் சில பிள்ளைகள் நடந்தார்கள். யாரும் சொல்லவில்லை, கோவில் பழக்கம். வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றார். வளையத்தை வைத்தோம். எக்காளம் எங்களிடம் இல்லை. மௌனம் மட்டும். ஒன்றரை நிமிடம் தாண்டியதும் யாரோ தும்மினார்கள், சிரிப்பு எழவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கல்லுக்குப் போனார்கள். ஆங்கிலப் பெயர்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தார்கள். “டீச்சர், இவருக்கு இருபது வயசுதான்” என்று ஒருத்தி ஓடி வந்தாள், ஓடக் கூடாது என்ற விதியை மறந்து. அவள் அக்காவுக்கும் அதே வயதாம். அன்று துணைக்கு வந்த சக ஆசிரியர், ஒரு இந்தியப் பெயரைத் தேடி நடந்துகொண்டிருந்தவர், ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பையனின் கல்லின் முன் நீண்ட நேரம் நின்றதைப் பார்த்தேன். என்ன என்று நான் கேட்கவில்லை.

கடைசி பெஞ்சு மாணவன் மட்டும் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒதுக்கிய கல்லுக்குப் பூ வைத்துவிட்டு, இன்னொன்று தன் பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். “எங்க தாத்தா அப்பா பேரு இங்க இல்லல்ல டீச்சர். இதை வளையத்துல வைக்கலாமா?” என்றான். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தான். தாத்தா சொல்லச் சொல்ல அவன் எழுதியது: பெயர், தகப்பனார் பெயர், ஊர், பர்மா. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

இந்தத் தோட்டத்தில் இல்லாத ஒருவரின் பெயரை இங்கே வைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். தோட்டக்காரரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். வைக்கச் சொன்னேன். அவன் குனிந்து, செண்டுமல்லிகளை விலக்கி, சீட்டை நாருக்குள் செருகி, பெயரை வாய்விட்டுச் சொன்னான். மழையில் நனையக் கூடாது என்று ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய் கொடுத்து லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தான்.